பூட்டான் பயணம்: குழுவோடு போவதா, தனி வழிகாட்டியோடு போவதா, நாமே ஏற்பாடு செய்துகொள்வதா?

பூட்டானுக்குப் போவது என்று முடிவானதும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த பேக்கேஜ் மலிவு?" என்றுதான். செலவைப் பார்க்காமல் யாராலும் கிளம்ப முடியாது, சரி. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. புனாகா கோட்டைக்குள் நுழையும்போது நம் பக்கத்தில் நின்று பேசப்போகிறவர் யார்? அவருக்கு எத்தனை பேரைக் கவனிக்க வேண்டியிருக்கும்? அந்த நாட்டில் நாம் பார்க்கப்போவதில் பாதி, சொன்னால்தான் கண்ணில் படும். பேக்கேஜ்களை ஒப்பிடும்போது ஊர்களின் எண்ணிக்கையை விட, வழிகாட்டியோடு கிடைக்கும் நேரத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கீழே சொல்லும் எல்லாமே அந்த அளவுகோலில் சொல்வதுதான்.

எந்த வழியில் போனாலும் மாறாத செலவு ஒன்று உண்டு. நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்று பூட்டான் அரசு ஒவ்வொரு இரவுக்கும் வாங்குகிறது. கொரோனாவுக்கு முன்பு இந்தியர்கள் இதைக் கட்ட வேண்டியிருக்கவில்லை. 2022 செப்டம்பரில் எல்லை மீண்டும் திறந்தபோது இந்தியருக்கு ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 நுல்ட்ரம் என்று வந்தது. நுல்ட்ரமும் நம் ரூபாயும் சம மதிப்பு, ஆகவே 1,200 ரூபாய். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை பாதி, ஐந்து வயதும் அதற்குக் கீழும் இலவசம். பெரியவர்கள் நால்வர் ஆறு இரவு தங்கினால் 28,800 ரூபாய் இதற்கு மட்டும் எடுத்து வைக்க வேண்டும். மற்ற நாட்டவருக்கு அது இரவுக்கு 200 டாலராக இருந்து, 2023 செப்டம்பரில் 100 டாலராகக் குறைந்தது. அவர்களுக்கு விசாக் கட்டணம் 40 டாலர் தனி. கனடாவிலோ இலங்கையிலோ இருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள், சென்னையிலிருந்து வரும் உறவினரோடு சேர்ந்து போகத் திட்டமிடும்போது இந்த வித்தியாசத்தை முதலிலேயே பேசிவிடுவது நல்லது. ஒரே அறையில் தங்கினாலும் கடவுச்சீட்டைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும்.

இந்தக் கட்டணத்தை இலவச மருத்துவம், கல்வி, காடு, சாலைப் பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செலவிடுவதாக அந்நாட்டு அரசு சொல்கிறது. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட்டம் அளவாக இருப்பதன் பலனை அங்கே போகிறவரும்தானே அனுபவிக்கிறார். ஆனால் இரவுக்கு இரவு பணம் கட்டுவதால், பேருந்திலும் கடைத்தெருவிலும் வீணாகும் ஒவ்வொரு பகலுக்கும் ஒரு விலை இருக்கிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

வழிகள் மூன்று. கோல்கத்தாவிலிருந்தோ சென்னையிலிருந்தோ தேதி குறித்துக் கிளம்பும் குழுப் பயணம் ஒன்று. பூட்டானில் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் நேரடியாகப் பேசி, ஒரு கார், ஓட்டுநர், வழிகாட்டி என்று நமக்கு மட்டும் ஏற்பாடு செய்துகொள்வது இன்னொன்று. அனுமதிச் சீட்டு, ஓட்டல், டாக்ஸி என்று நாமே பார்த்துக்கொள்வது மூன்றாவது.

குழுப் பயணத்தை இளக்காரமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுபதைத் தாண்டிய கணவன் மனைவி இருவர் மட்டும் போகிறார்கள் என்றால், பேச்சுத் துணைக்கு ஆள் இருப்பதும், மாத்திரை மறந்தால் கேட்க ஒருவர் இருப்பதும் சின்ன விஷயமில்லை. சில தமிழ்நாட்டு நிறுவனங்கள் சமையல்காரரையும் கூடவே அழைத்துப் போகின்றன. மூன்றாம் நாள் காலையில் ஒரு தம்ளர் ரசம் கிடைத்தால் தெம்பு வந்துவிடும் என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. தாள்களையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆள் ஒன்றுக்கு ஆகும் செலவும் பொதுவாக இதில்தான் குறைவு.

குறை எங்கே என்றால், முப்பது பேருக்கு ஒரே வழிகாட்டி. ஜோங் என்பது கோட்டை, மடாலயம், அரசு அலுவலகம் மூன்றும் ஒரே மதிலுக்குள் இருக்கும் கட்டடம். அதன் கருவறைகள் சின்னவை, உள்ளே இருட்டு, சத்தமாகப் பேசக் கூடாது. முன்னால் நிற்கும் ஆறேழு பேருக்குத்தான் வழிகாட்டி சொல்வது காதில் விழும். பின்னால் நிற்பவர்கள் செருப்பைக் கழற்றி, ஒரு சுற்றுச் சுற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வருவார்கள். படம் எடுக்கவும் உள்ளே அனுமதி இல்லை. ஆகவே அவர்கள் கையில் மிஞ்சுவது வெளி முற்றத்தில் எடுத்த படம் மட்டும்தான்.

தனி வழிகாட்டியோடு போனால் அதே கட்டடம் எப்படி மாறுகிறது என்பதைச் சொன்னால்தான் இந்த ஒப்பீட்டுக்கு அர்த்தம் வரும். புனாகா ஜோங்கின் செங்குத்தான மரப்படிகளுக்கு முன்னால் வழிகாட்டி நிற்பார். கையில் மடித்து வைத்திருக்கும் நீண்ட வெள்ளைத் துணியை விரித்து, இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்கே வரும்படி போட்டு, நுனியை ஒழுங்கு செய்துகொள்வார். அதன் பெயர் கப்னே. அது இல்லாமல் பூட்டானிய ஆண் ஜோங்குக்குள் போக முடியாது. சாதாரணக் குடிமகனுக்கு வெள்ளை. அமைச்சருக்கு ஆரஞ்சு, நாடாளுமன்ற உறுப்பினருக்கு நீலம், நீதிபதிக்குப் பச்சை, தாஷோ பட்டம் பெற்றவருக்குச் சிவப்பு. அரசருக்கும் தலைமைத் துறவி ஜே கென்போவுக்கும் மட்டும் காவி கலந்த மஞ்சள். இதைக் கேட்ட பிறகு, முற்றத்தில் குறுக்கே நடந்து போகிற ஒவ்வொருவரையும் வேறு கண்ணோடு பார்ப்போம்.

வாசல் சுவரில் நான்கு திசைக் காவலர்கள். பக்கத்தில் பெரிய வட்டமாக வாழ்க்கைச் சக்கரம். அதன் நடுவில் ஒரு சேவல், ஒரு பாம்பு, ஒரு பன்றி, ஒன்றன் வாலை ஒன்று கவ்வியபடி இருக்கும். ஆசை, கோபம், அறியாமை. சக்கரத்தையே வாயில் கவ்விப் பிடித்திருப்பவர் எமன். நம் ஊர்ச் சிற்பங்களில் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகவே படாது. ஆனால் யாராவது விரல் நீட்டிக் காட்டாவிட்டால் அலங்கார ஓவியம் என்று தாண்டிப் போய்விடுவோம்.

பிறகு கதை வரும். 1616இல் திபெத்திலிருந்து வந்து, சிதறிக் கிடந்த பள்ளத்தாக்குகளை ஒரே நாடாக்கிய ஷாப்துங் நவாங் நம்கியால் கட்டிய கோட்டை இது. 1637இல் தொடங்கியது. தந்தை ஆறு, தாய் ஆறு என்று அவர்கள் சொல்லும் போ சூவும் மோ சூவும் சேரும் முனையில் நிற்கிறது. 1651இல் அவர் இறந்ததை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியே சொல்லாமல், தனிமைத் தவத்தில் இருக்கிறார் என்றே நாட்டை நடத்தினார்கள். அவர் உடல் இன்றும் இந்தக் கோட்டைக்குள் தான் இருக்கிறது. 1907 டிசம்பர் 17 அன்று முதல் அரசர் முடிசூட்டப்பட்டது இங்கே. இப்போதைய அரசரின் திருமணம் 2011இல் நடந்ததும் இங்கே. 1986இல் தீ, 1994இல் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளம் என்று இரண்டையும் தாங்கி நிற்கிறது. இதையெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்து, கேள்வி கேட்டு, இரண்டு மணி நேரம் கேட்க முடியுமானால் அதற்காகவே அங்கே போகலாம். குழுப் பேருந்தின் அட்டவணையில் அந்த இரண்டு மணி நேரம் பெரும்பாலும் இருக்காது.

இனி மூன்றாவது வழி. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, அனுமதிச் சீட்டு போதும். மேற்கு வங்கத்தின் ஜெய்காவுன் வரை வந்து, அங்கிருந்து புன்ஷோலிங் வாசல் வழியாக உள்ளே நடந்தே போய்விடலாம். ரயிலில் வருகிறவர்களுக்கு ஹாசிமாரா நிலையம் பக்கம். விமானத்தில் வருகிறவர்கள் பாக்டோக்ராவில் இறங்கி நாலு மணி நேரம் காரில் வரவேண்டும். திம்பு, பாரோ இரண்டு ஊர்களில் மட்டும் சுற்றுவதானால் இந்த வழி சுலபம், சிக்கனம். அதற்கு மேல் போவதானால் உரிமம் பெற்ற வழிகாட்டி கூட இருக்க வேண்டும். மலையேற்றப் பாதைகளுக்கும் அப்படியே. ஆக, புனாகாவுக்கே வழிகாட்டி தேவைப்படுகிறது என்னும்போது, "நாமே போகிறோம்" என்பதன் லாபம் பாதியாகிவிடுகிறது. சொந்தக் காரை எடுத்துப் போகலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. வண்டிக்குத் தனி அனுமதியும் தினசரிக் கட்டணமும் உண்டு. அதோடு, மலைச்சாலையில் ஓட்டுகிறவர் எதையும் பார்க்க முடியாது. பண்பாட்டுப் பயணம் என்று கிளம்பிவிட்டு வீட்டில் ஒருவரை ஸ்டியரிங்கோடு கட்டிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நடுத்தர வயதில் நண்பர்கள், பொறுமையும் நேரமும் உண்டு, திம்புவில் சும்மா நாலு நாள் இருந்துவிட்டு வந்தாலும் போதும் என்கிறவர்களுக்கு மூன்றாவது வழி பொருந்தும். போக்குவரத்து விளக்கே இல்லாத தலைநகர் அது. வாரக் கடைசியில் வில்வித்தை மைதானத்தில் போய் உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. ஏறக்குறைய 145 மீட்டர் தள்ளி வைத்த சின்னப் பலகை இலக்கு. அம்பு பட்டதும் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்று பாடி ஆடுவார்கள். அதைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, வழிகாட்டியும் தேவையில்லை.

நால்வர் முதல் ஆறு பேர் வரை ஒரு குடும்பமாகப் போகிறீர்கள் என்றால் என் தேர்வு இரண்டாவது வழிதான், யோசிக்காமல் சொல்வேன். காருக்கும் வழிகாட்டிக்கும் ஆகும் செலவு ஆறாகப் பிரிந்துவிடும். இருவர் மட்டும் என்றால் கணக்கு உதைக்கும். அப்போது, எட்டுப் பத்துப் பேர் கொண்ட சிறு குழு கிடைக்கிறதா என்று தேடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பெரிதாகத் தேவைப்படாது: இரவுக்கு 100 டாலர் கட்டிவிட்டு வழிகாட்டியில் மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை.

மேற்கோடு நிற்பதா, பும்தாங் வரை போவதா?

விளம்பரத் தாள்களில் ஐந்து இரவு, ஆறு இரவுப் பயணங்களே அதிகம். திம்பு, புனாகா, பாரோ. இது குறைப்பட்ட பயணம் இல்லை. சாலை நேரம் அளவானது; திம்புவிலிருந்து புனாகா மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். இடையில் 3,100 மீட்டர் உயரத்தில் தோச்சுலா கணவாய். அங்கே இருக்கும் 108 ஸ்தூபிகள், 2003 டிசம்பரில் பூட்டானின் தென்பகுதிக் காடுகளில் முகாமிட்டிருந்த அசாம் தீவிரவாதக் குழுக்களுக்கு எதிரான சண்டையில் இறந்தவர்களின் நினைவுக்கு எழுப்பப்பட்டவை. வானம் தெளிந்திருந்தால் 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புவென்சம் தெரியும். இதுவரை யாரும் ஏறாத சிகரங்களில் உலகிலேயே உயரமானது அது. ஏற அனுமதியும் இல்லை.

நாட்டின் நடுப்பகுதியில் இருக்கும் பும்தாங் வேறு மாதிரி. திம்புவிலிருந்து ஒரு முழுப் பகலும் வளைந்து வளைந்து போகும் சாலை. நடுவில் பெலே லா கணவாய், பிறகு த்ரோங்சா. எதிர் மலையிலேயே த்ரோங்சா ஜோங் கண்ணுக்குத் தெரிந்துவிடும், ஆனால் போய்ச் சேர நெடுநேரம் ஆகும். இப்போதைய அரச குடும்பம் எழுந்து வந்த ஊர் அது. பட்டத்து இளவரசர் அரசராவதற்கு முன் த்ரோங்சாவின் பென்லோப், அதாவது ஆளுநர், ஆக வேண்டும் என்பது மரபு. பும்தாங் பள்ளத்தாக்கில் ஜம்பே லாகாங், ஏழாம் நூற்றாண்டில் திபெத்திய அரசர் சோங்சென் கம்போ கட்டியதாகச் சொல்லும் கோயில். குர்ஜே லாகாங்கில் குரு ரிம்போச்சே என்கிற பௌத்த குரு பத்மசம்பவர் தியானத்தில் அமர்ந்தபோது பாறையில் பதிந்த உடல் தடம் இருக்கிறது என்பது நம்பிக்கை. உள்ளூர்க் கிழவிகள் விடியற்காலையிலேயே வந்து, கையில் ஜெபமாலையை உருட்டியபடி கோயிலைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். பாரோவில் பயணிகள் அதிகம். இங்கே ஊர்க்காரர்களுக்கு நடுவில் நாம் நிற்போம்.

அதற்காக ஆறு இரவில் பும்தாங்கையும் திணித்துவிடாதீர்கள். அப்படிச் செய்த பயணத் திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். முழுக்க முழுக்க ஜன்னல் வழியாகவே நாடு கடந்துவிடும். ஒன்பது இரவாவது கைவசம் இருந்தால் போகலாம். ஏழு இரவு என்றால் நடுவழியாக போப்ஜிகா இருக்கிறது. புனாகாவிலிருந்து சில மணி நேரத்தில் எட்டிவிடும் அகலமான சதுப்புப் பள்ளத்தாக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை திபெத்தியப் பீடபூமியிலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் வந்து தங்கும். மேட்டில் காங்தே மடம். அந்த மாதங்களில் போகிறவர்கள் பாரோவில் ஓர் இரவைக் குறைத்தாவது இங்கே தங்கலாம் என்பேன்.

எந்த வழியானாலும் தக்சாங் மடத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். பாரோ பள்ளத்தாக்குக்கு 900 மீட்டர் மேலே, கடல்மட்டத்திலிருந்து 3,120 மீட்டர் உயரத்தில், பாறையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் மடம். குரு ரிம்போச்சே பெண்புலியின் மேல் வந்திறங்கித் தவமிருந்த குகை என்பது ஐதீகம். 1692இல் கட்டியது, 1998 ஏப்ரலில் எரிந்தது, 2005இல் மீண்டும் திறந்தது. விமானத்தில் பாரோவில் இறங்கிய மறுநாளே அங்கே ஏற்றிவிடும் பேக்கேஜ்கள் உண்டு. அது வேண்டவே வேண்டாம். நாலைந்து நாள் அந்த உயரத்தில் மூச்சுப் பழகிய பிறகு ஏறினால் சிரமம் பாதியாகும். போக வர ஐந்தாறு மணி நேரம் ஆகும். குதிரை பாதிவழியிலுள்ள சிற்றுண்டிச்சாலை வரைதான், அதுவும் ஏறுவதற்கு மட்டும். இறங்கும்போது காலை நம்பித்தான் வரவேண்டும். மடத்தை நேருக்கு நேர் பார்க்கும் இடம் வந்த பிறகும் எழுநூறு படி போல இறங்கி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் சிற்றுண்டிச்சாலையிலேயே நின்றுகொண்டாலும் கண்ணெதிரே மடம் தெரியும். அது நிறைவான காட்சிதான். இங்கேயும் தனி வழிகாட்டியின் பலன் தெரியும்: காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கி, நம் வேகத்துக்கு நின்று நின்று போகலாம். குழுவில், மெதுவாக ஏறுகிறவர் எல்லோரையும் காக்க வைக்கிறோமே என்று கூசிப் பாதியில் திரும்பிவிடுவார்.

திருவிழாவுக்கா, அமைதிக் காலத்துக்கா?

சேச்சு என்ற முகமூடி நடன விழா குரு ரிம்போச்சேயின் நினைவாக நடப்பது. பாரோவில் வசந்த காலத்தில், திம்புவில் செப்டம்பர், அக்டோபர் வாக்கில். சந்திர நாட்காட்டிப்படி தேதி மாறும். அந்த நாட்களில் ஓட்டல் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் கூடும், ஜோங்குகளின் உட்பகுதிகளை நிதானமாகப் பார்க்கவும் முடியாது. அப்படியிருந்தும் பண்பாட்டுக்காகவே போகிறவர்களுக்கு நான் விழாக்காலத்தையே சொல்வேன். இறந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் நடனத்தில் எமதர்மராஜாவின் பிரமாண்ட உருவம் முற்றத்துக்குள் வரும். வெள்ளைத் தேவன் ஒரு பக்கம் உயிருக்காக வாதாட, கறுப்பு அசுரன் மறுபக்கம் குற்றம் சாட்டுவான். செய்த நன்மை தீமைகளைத் தராசில் நிறுப்பார்கள். அட்டவணையில் மூன்று மணி நேரம் நீளும் இதை, யார் யார் என்று சொல்ல ஆளில்லாமல் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடும். கதை தெரிந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. பாரோ விழாவின் கடைசி நாள் விடியலுக்கு முன்பே தொங்க்ட்ரெல் என்ற மாபெரும் துணிச்சித்திரத்தைக் கோட்டைச் சுவரில் இறக்குவார்கள். வெயில் படுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். காலை ஏழரைக்குச் சிற்றுண்டி, எட்டரைக்குப் பேருந்து என்று போகும் குழுவுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

மழைக்காலத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புன்ஷோலிங் சாலையில் மண்சரிவு சாதாரணம்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நிறையப் பேர் இந்த ஒரு காரணத்துக்காகவே குழுப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சைவர்கள் பயப்படும் அளவுக்கு அங்கே நிலைமை மோசமில்லை. மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த எமா தட்ஷி, உருளைக்கிழங்கில் செய்யும் கேவா தட்ஷி, சிவப்பரிசிச் சோறு, பருப்பு எங்கும் கிடைக்கும். அங்கே மிளகாய்தான் காய்கறி. காரம் குறைக்கச் சொல்லிவிடுங்கள். அவர்கள் நாட்காட்டியில் முதல் மாதமும் நான்காம் மாதமும் புனித மாதங்கள் என்பதால் இறைச்சி விற்பனையே கிடையாது. தயிர்சாதம் இல்லாமல் முடியாது என்பவர்கள் மட்டும் குழுவோடு போகலாம். மற்றவர்கள் ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றோடு சமாளித்துவிடலாம்.

பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் சிலவற்றை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், எல்லையிலிருந்து எல்லை வரை அதே வழிகாட்டி வருவாரா, இரவுக் கட்டணமும் நினைவுச்சின்ன நுழைவுக் கட்டணங்களும் சொன்ன விலைக்குள் அடக்கமா, தக்சாங் எந்த நாளில் வருகிறது. திம்புவின் தாஷிச்சோ ஜோங்கை வார நாள் முற்பகலில் போட்டிருந்தால் அந்தத் திட்டம் அனுபவமில்லாத ஆள் போட்டது: அரசு அலுவலகம் அங்கே இயங்குவதால் வார நாட்களில் வேலை நேரம் முடிந்து மாலையில்தான் பார்வையாளரை விடுவார்கள். ஆடை விஷயமும் உண்டு. ஜோங்குகளுக்கு முழுக்கை, காலர் வைத்த சட்டை, முழுக்கால்சட்டை வேண்டும். பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ போதும், தோளை மூடும் மேல்சட்டை ஒன்று குளிருக்கும் ஆகும்.

அடையாளத்துக்கு ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டை. ஆதார் செல்லாது. குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், கூடவே பெற்றோர். வாக்காளர் அட்டையில் பெயரோ பிறந்த தேதியோ பிழையாக இருப்பது நம் வீடுகளில் சகஜம். டிக்கெட் போடுவதற்கு முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள், திருத்தி வாங்க வாரக்கணக்கில் ஆகும்.